திருச்சி மாடிகளில் கள்ளி வளர்ப்போர் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கள்ளிகளையும் சதைப்பற்றுச் செடிகளையும் வளர்க்கும் நாங்கள் மாதம் ஒரு முறை, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடுகிறோம். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, எங்கள் அனுபவத்தில் சரியென்று பட்ட விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கள்ளி, கற்றாழை, சக்குலன்ட் எல்லாம் ஒன்றுதானே? எதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகள் அனைத்தையும் சதைப்பற்றுச் செடிகள் என்கிறோம். சக்குலன்ட் என்பதும் அதுவே. அவற்றுள் கேக்டஸ் குடும்பம் ஒரு பிரிவு. முள் புறப்படும் இடத்தில் பஞ்சு வைத்தாற்போன்ற ஒரு சிறு திண்டு இருந்தால் அது கேக்டஸ். அந்தத் திண்டு இல்லாமல், கீறினால் வெள்ளைப் பால் வடிந்தால், அது பெரும்பாலும் யூஃபோர்பியா இனம். நம் வேலியோரச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்னும் முள்ளில்லாத தொங்கு கள்ளி மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. ஆகவே நம் ஊரில் "கள்ளி" என்ற சொல் கேக்டஸ் இங்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வேறு செடிகளைக் குறித்து வந்தது. கூட்டத்தில் குழப்பம் வராமலிருக்க, அமெரிக்கக் குடும்பத்தை நாங்கள் "கேக்டஸ்" என்றே சொல்லிக்கொள்கிறோம். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி, அடீனியம் ஆகிய எல்லாமே சதைப்பற்றுச் செடிகள்தாம். இவற்றில் எதுவும் கேக்டஸ் இல்லை.

மாதாமாதம் கூடி என்னதான் செய்வீர்கள்?

முதல் அரைமணி நேரம் வீட்டுக்காரரின் செடிகளைச் சுற்றிப் பார்க்கிறோம். எந்தச் செடி கிழக்குச் சுவரோரம் நன்றாக இருக்கிறது, எது மேற்கு வெயிலில் வெளுத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அதன்பின் அந்த மாதத்துக்குரிய ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிறோம். தையில் விதை போடுவது, மாசியில் தொட்டி மாற்றுவது, சித்திரையில் நிழல்வலை கட்டுவது, ஆவணியில் ஒட்டுக்கட்டுவது, புரட்டாசி முடிவதற்குள் மழைக்கு ஆயத்தம் செய்வது என்று ஒரு ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது.

கடைசியில் குட்டிகளையும் இலைத்துண்டுகளையும் மாற்றிக்கொள்கிறோம். அங்கே காசு கைமாறுவதில்லை. பணம் வந்துவிட்டால் அரிய செடி வைத்திருப்பவரைச் சுற்றியே கூட்டம் நிற்கும் என்பதால், இந்த ஒரு விதியில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

என்னிடம் இரண்டே இரண்டு தொட்டிதான் இருக்கிறது. நானெல்லாம் வரலாமா?

தாராளமாக வரலாம். தேநீர்ச் செலவைப் பகிர்ந்துகொள்வதைத் தவிர வேறு கட்டணம் கிடையாது. அந்த இரண்டு தொட்டிகளையும் கூடவே எடுத்து வாருங்கள்.

வாரம் ஒரு தடவை தண்ணீர் விடச் சொன்னார்கள். அப்படியே விட்டேன். அடியோடு அழுகிப் போயிற்று. என்ன தப்புச் செய்தேன்?

நாளைக் கணக்கிட்டு நீர் விட்டதுதான் தவறு. சித்திரை வெயிலில் நான்கு அங்குல மண்தொட்டி இரண்டே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசியில் அதே தொட்டி இரண்டு வாரம் ஆனாலும் காயாது. ஒரு விளக்குமாற்றுக் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிச் சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சியில் ஈரமும் மண்ணும் ஒட்டியிருந்தால் காத்திருங்கள். காய்ந்து வந்தால் அடியில் நீர் வழியும் வரை நன்றாக ஊற்றுங்கள். கரண்டி கரண்டியாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, அடிவேரைப் பட்டினி போடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கடைகளில் விற்கும் கேக்டஸ் பல காலிம்போங் போன்ற குளிர்ந்த மலையூர்களிலிருந்து கோகோபீட் என்னும் தேங்காய் நார்த்தூளில் நட்டு வருகின்றன. லாரியில் எடை குறைவு என்பதால் வணிகர்களுக்கு அது வசதி. நமக்கோ, நடுவில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்த நார்க்கட்டி வேருக்கு எமனாகிறது. வாங்கிய வாரத்திலேயே அந்த நாரை உதிர்த்துவிட்டு, வேரை நிழலில் நான்கைந்து நாள் ஆறவிட்டு, நம் கலவையில் நடச் சொல்கிறோம்.

அந்தக் "கலவை" என்னவென்று அளவோடு சொல்லுங்களேன்.

ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது இலைமட்கு, இரண்டு பங்கு கரடுமுரடான கல்துகள் என்பதே எங்கள் அடிப்படை. கல்துகளுக்கு உடைத்த செங்கல், பொடி ஜல்லி, பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். காவிரிக் கரையில் இருந்துகொண்டு ஆற்று மணலைச் சொல்லவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றில் மணல் அள்ளுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. எம்-சாண்டைச் சலித்துப் பொடியை நீக்கி, இரண்டு முறை கழுவிவிட்டால் அதுவே போதும். கழுவாத எம்-சாண்டின் மாவு தொட்டியின் அடியில் படிந்து சிமென்ட் பூசியதுபோல இறுகிவிடும்.

அடீனியத்துக்கு உரம் சற்றுக் கூடுதலாகவும், அரியோகார்ப்பஸ் போன்ற மெதுவாக வளரும் கேக்டஸுக்கு உரம் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடிக் கலவையை ஈரப்படுத்திப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால், அது உருண்டையாக நிற்காமல் தானே உதிர வேண்டும். அளவுகளைவிட இந்தச் சோதனையையே நம்புங்கள்.

யூட்யூபில் பார்க்கிற ரோஜாப்பூ மாதிரி எச்சிவெரியா இங்கே ஏன் நிற்பதே இல்லை?

பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகள் பகலில் நீர் இழக்காமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. மெக்சிகோவின் மேட்டு நிலங்களில் பகல் எவ்வளவு சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். இங்கே கோடை இரவிலும் மாடித்தளம் சுட்டுக்கொண்டே இருப்பதால் எச்சிவெரியா ஓய்ந்து, அடி இலை உதிர்ந்து, முதல் மழையில் அழுகிவிடுகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அதே செடி கவனிப்பாரின்றியே செழிக்கும்.

இவ்வூருக்கு ஏற்றவை என்று நாங்கள் தயங்காமல் கொடுப்பவை அடீனியம், ஜிம்னோகாலிசியம், மாமில்லாரியாவில் பல வகைகள், சான்சிவேரியா, நிழலில் வைத்தால் ஹாவொர்த்தியா. இந்தப் பட்டியல் எந்த நூலிலிருந்தும் வந்ததில்லை. அடுத்த விடையில் சொல்லப்போகும் பதிவேட்டிலிருந்து வந்தது.

செத்துப்போன செடிக்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்களாமே, எதற்கு?

எங்கள் குழுவின் மிகப் பயனுள்ள உடைமை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீண்ட கோடுபோட்ட கணக்கு நோட்டு அது. செடியின் பெயர், எங்கிருந்து வந்தது, எத்தனை மாதம் இருந்தது, எந்தத் திசையில் வைத்திருந்தோம், எந்தத் தேதியில் போயிற்று, வெட்டிப் பார்த்தபோது உள்ளே என்ன தெரிந்தது என்று ஒவ்வொருவரும் தம் கையால் எழுதுகிறோம். வெட்டிப் பார்ப்பது முக்கியம். அடியிலிருந்து மேலேறிய பழுப்பு, வேரில் தொடங்கிய அழுகலைக் காட்டும். தலையில் தொடங்கிக் கீழிறங்கிய பழுப்பு, உச்சியில் தேங்கிய நீரைக் காட்டும். ஒரே பக்கம் வெளிறிக் காகிதம்போல் ஆன தோல், வெயில் சுட்டதைக் காட்டும்.

நோட்டைப் புரட்டினால் ஐப்பசியும் கார்த்திகையும் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதையும், மாசி ஏறக்குறைய வெறுமையாக இருப்பதையும் பார்க்கலாம். முதன்முறை அதைப் பார்த்தபோதுதான், நாங்கள் கோடை வெயிலுக்கு அஞ்சிக்கொண்டிருந்தோம் என்பதும், செடிகளை உண்மையில் கொண்டுபோனது வடகிழக்குப் பருவமழை என்பதும் எனக்குப் புரிந்தன. தம் தவறை எழுத வெட்கப்படும் புதியவர்களிடம் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டுவேன். அதிலுள்ள முதல் 3 வரிகளும் என் கையெழுத்து.

அப்படியானால் மழைக்காலத்தில் மொத்தத்தையும் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டுமா?

வேண்டாம். வெளிச்சமில்லாத கூடத்தில் இரண்டு மாதம் இருந்த கேக்டஸ், வெளிறி நீண்டு உருக்குலைந்துவிடும். மேலே ஒளி ஊடுருவும் தகடோ தடித்த பாலித்தீனோ சாய்வாகக் கட்டி, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிடுவதே சரியான வழி. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேலோ இரும்புச் சட்டத்திலோ வைத்தால் அடித்துளை அடைபடாது. புரட்டாசிக் கூட்டத்தில் கூரையில்லாதவர்களின் வீடுகளுக்குச் சேர்ந்து போய்க் கட்டிக்கொடுக்கிறோம். மூங்கிலும் கயிறும் வீட்டுக்காரர் வாங்கி வைத்தால் போதும்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தால் போகுமா?

அது மாவுப்பூச்சி. மெல்லிய தூரிகையைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பஞ்சுத் திட்டிலும் தொட்டு வையுங்கள். வெண்பஞ்சு கரைந்து, உள்ளிருக்கும் பூச்சி பழுப்பாகத் தெரியும். மாலையில் செய்யுங்கள், மறுநாள் நிழலில் வையுங்கள், வாரம் ஒரு முறை மூன்று வாரம் தொடருங்கள். வேப்பெண்ணெயை நாங்கள் தவிர்க்கிறோம். இலைமேல் வெண்பொடி படர்ந்த செடிகளில் அது பொடியைக் கரைத்துவிடும். வெயிலில் தோலையும் சுட்டுவிடும்.

மேலே பூச்சி ஒன்றுமில்லாமலே செடி சுருங்கி நின்றால் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரிலும் வேரிலும் சுண்ணாம்பு தூவியதுபோல் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, கெட்டதை நறுக்கி, பழைய மண்ணை முழுவதும் கொட்டிவிட வேண்டும். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். கூட்டத்தில் மாற்றிக்கொள்ளக் கொண்டுவரும் செடிகள் அனைத்தையும் வாசலிலேயே உருவிப் பார்த்த பிறகுதான் மாடிக்கு ஏற்றுகிறோம். இதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சியில் சிவப்பு உருண்டை வைத்த கேக்டஸ் வாங்கினேன். சாயம் பூசியதா? அதுவே ஏன் சில வருடத்தில் போய்விடுகிறது?

சாயம் பூசியது இல்லை. பச்சையமே இல்லாமல் பிறந்த ஒரு ஜிம்னோகாலிசியத்தை வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். தனக்கு உணவு செய்துகொள்ள முடியாத அந்த உருண்டை, கீழுள்ள முக்கோணத் தண்டின் உழைப்பிலேயே உயிர் வாழ்கிறது. அந்தத் தண்டு டிராகன் பழக் கொடி. இரண்டும் வளரும் வேகம் வேறு என்பதால் சில ஆண்டுகளில் ஒட்டு தளர்ந்துவிடுகிறது. அதற்குள் உருண்டையின் குட்டியைப் பிரித்துப் புதிய தண்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆவணிக் கூட்டத்தில் இதைக் கற்றுக்கொடுக்கிறோம். புதிய சவர அலகை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டை ஒரே இழுப்பில் கிடைமட்டமாக வெட்டி, மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவதுபோல் சாய்த்துவிட வேண்டும். வெட்டிய பரப்பின் நடுவில் ஒரு சிறு வளையம் தெரியும். மேலே வைக்கும் துண்டிலும் அதேபோல் ஒரு வளையம் இருக்கும். இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். சாறு உலருமுன் வைத்து, மெல்ல அழுத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்றி, தொட்டியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரப்பர் வளையங்களை மாட்டி, நிழலில் பத்து நாள் வையுங்கள். இந்த வேலையில் கை நடுங்குவது எல்லோருக்கும் இயல்பு. இரண்டாவது முறை நடுங்காது.

விதை போட்டு வளர்ப்பது நடக்கிற காரியமா? என் செடி பூக்கிறது, காய்ப்பதே இல்லை.

நடக்கிற காரியம்தான். கேக்டஸில் பல வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. உங்கள் செடியின் குட்டியை வைத்துக்கொண்டு முயன்றாலும் பயனில்லை, ஏனெனில் அது மரபில் அதே செடி. விதையிலிருந்து வந்த இன்னொரு செடி அதே நாளில் பூத்திருக்க வேண்டும். அதனால் மொட்டு விட்டவுடனே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்கச் சொல்கிறோம். உறையூரில் பூத்த செடிக்குத் திருவரங்கத்திலிருந்து ஒருவர் தீப்பெட்டிக்குள் பூவை வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தது எங்களுக்கு இன்றும் மகிழ்ச்சியான நினைவு. அந்தக் காயிலிருந்து வந்த நாற்றுகள் இப்போது பல மாடிகளில் இருக்கின்றன.

சலித்த கலவையை வெந்நீர் ஊற்றி ஆறவைத்து, விதையை மேலே தூவி, அதை மண்ணால் மூடாமல், பாலித்தீன் உறைக்குள் தொட்டியை வைத்துக் கட்டிவிடுங்கள். பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். கடுகளவு பச்சை உருண்டைகளுக்கு முள் வரும்வரை நேர் வெயில் கூடாது.

முள் செடி வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

அவரிடம் வாதிட வேண்டாம். திருஷ்டிக்கென்று கற்றாழையை வேரோடு வாசலில் கட்டித் தொங்கவிடுவது நம் வீடுகளில் இருந்துவரும் வழக்கம். அதுவும் விளிம்பில் முள் உள்ள சதைப்பற்றுச் செடிதான். முள் குத்தும் என்ற அச்சம் நியாயமானது என்பதால் நடைபாதையிலும் வாசற்படியிலும் வைக்காமல் மாடியின் ஓரத்தில் வையுங்கள். பூக்கும் நாளில் அவரை அழைத்துக் காட்டுங்கள். எங்கள் உறுப்பினர்களில் இருவர், முதலில் மறுத்துவிட்டுப் பிறகு தாமே கேட்டுச் செடி வாங்கிப்போன மாமியார்கள்.

வீட்டில் கைக்குழந்தையும் பூனையும் இருக்கின்றன. எதை வைக்கக் கூடாது?

முள்ளைவிடப் பாலுக்கே அஞ்ச வேண்டும். முதல் விடையில் சொன்ன யூஃபோர்பியா இனங்களின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வைக் குறைவும்கூட ஏற்படலாம். நிறைய நீரில் உடனே கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அடீனியத்தின் சாறு நச்சுத்தன்மை உடையது. இவற்றை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியச் சொல்கிறோம். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஹாவொர்த்தியா போதும்.

நிஷாகந்தி பூக்கும் இரவில் கூட்டம் போடுவீர்களாமே? அதுதானே பிரம்மகமலம்?

பலர் பிரம்மகமலம் என்று அழைத்தாலும், அந்தப் பெயருக்கு உரிய செடி இமயமலையில் வளரும் வேறொன்று. நம் வீடுகளில் தொட்டியில் வளரும் நிஷாகந்தி, மெக்சிகோ, நடு அமெரிக்கக் காடுகளில் மரத்தின்மேல் தொற்றி வாழும் கேக்டஸ். ஆகவே அதற்குப் பாலைவன வெயிலைக் கொடுத்தால் காய்ந்துவிடும்; மாமர நிழல் போன்ற ஒளியும் சற்று ஈரமும் வேண்டும்.

தொங்கும் மொட்டு மேல்நோக்கி வளைந்தால் அன்றோ மறுநாளோ மலரும் என்று கொள்ளலாம். இருட்டத் தொடங்கியபின் நுனி பிரியும், பத்து, பதினொரு மணிக்கு முழுவதும் விரிந்து மாடி முழுக்க மணக்கும், விடியுமுன் துவண்டுவிடும். இதற்கு முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது. அழைப்பு வந்த இரவில் வர முடிந்தவர்கள் வருகிறார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

மலைக்குச் சுற்றுலா போகும்போது பாறையிடுக்கில் அழகான செடி பார்த்தேன். ஒரு துண்டு எடுத்தால் என்ன?

எடுக்கக் கூடாது. நம் வறண்ட பாறைப் பகுதிகளில் வளரும் கள்ளிமுளையான் போன்றவை சிறு கூட்டங்களாக இருப்பவை; ஆளுக்கு ஒரு துண்டு என்று எடுத்தால் அவை அந்த இடத்திலிருந்தே அற்றுப்போகும். காப்புக்காட்டில் எடுப்பது குற்றமும்கூட. எங்கள் பயணங்களில் படம் எடுத்து, பாறையின் திசை, அருகிலிருக்கும் புல், மண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறோம். படத்தை வெளியிடும்போது இடத்தின் பெயரை மறைத்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் என்னும் விரல்நுனி அளவுச் செடிகளை மலை மலையாகத் தோண்டிக் கடத்தும் அவலத்தைப் பார்த்த பிறகு, இதில் நாங்கள் மிகவும் கண்டிப்பாக இருக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சட்டப்படி சரியா?

ஆவணங்கள் இல்லாமல் வந்தால் சரியில்லை. தாவரத் தொற்றுத்தடை ஆணை, 2003-இன்படி செடிக்கும் விதைக்கும் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் நலச்சான்றும் தேவை. அதோடு கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அரியோகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டெரியாஸ் போன்றவை இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. "பரிசுப் பொருள்" என்று எழுதி அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கிய செடியை எங்கள் செடி மாற்றத்தில் ஏற்பதில்லை. இந்தியாவிலேயே விதையிலிருந்து வளர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பலவகைச் செடிகளை ஒருசேரப் பார்க்க விரும்புபவர்கள் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 1987-இல் தொடங்கப்பட்ட தேசியக் கள்ளிப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கண்காட்சியில் பெரிய செடிக்குத்தானே பரிசு? பெயர்ச்சீட்டு இல்லையென்று என் செடியை ஏன் தள்ளினீர்கள்?

பரிசு அளவுக்குக் கிடையாது. அந்த வகைக்குரிய வடிவத்தில், வடுவும் பூச்சியும் இன்றி, அடிமுதல் நுனிவரை சீராக வளர்ந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறோம். ஏழு ஆண்டு விதைநாற்றாக வளர்த்த எலுமிச்சையளவு கேக்டஸ், சென்ற மாதம் வாங்கிய ஒரு முழப் பந்துக்கள்ளியை வெல்லும். செடி குறைந்தது ஓராண்டாவது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டில் தாவரவியல் பெயர் கேட்பதற்குக் காரணம், "கோல்டன் பால்" என்று எழுதினால் இரண்டு மூன்று வெவ்வேறு செடிகளை அது குறிக்கும் என்பதே. பெயர்கள் மாறுவதும் உண்மைதான். எகினோகேக்டஸ் குருசோனி என்று நாமெல்லாம் படித்த பந்துக்கள்ளிக்கு 2014-இல் குரோன்லீனியா என்ற புதிய பேரினம் வகுத்தார்கள். சான்சிவேரியாவை டிரசீனாவில் சேர்த்துவிட்டார்கள். பழைய பெயரையும் ஏற்கிறோம். வாங்கிய தேதியையும் கொடுத்தவர் பெயரையும் சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஒரே கோடையில் மறைந்துவிடும்.

மிஞ்சிய துண்டுகளை ஏரிக்கரையில் நட்டால் பசுமையாக இருக்குமே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சப்பாத்திக்கள்ளியின் வரலாறு நமக்குப் போதுமான பாடம். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி மேய்ச்சல் நிலங்களை மூடிக்கொண்டது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு வகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. இன்றும் சாலையோரச் சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சைக் கண்டால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள், செக்கச்செவேலென்று சாறு வரும். மேலே சொன்ன மாவுப்பூச்சியில் அந்த நிறம் வராது.

இலை விளிம்பெல்லாம் குட்டி போடும் ரணகள்ளி இனங்களும் அவ்வாறே பரவும். மிஞ்சியதைச் செடி மாற்றத்துக்குக் கொண்டு வாருங்கள், அல்லது வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பின் உரக்குழியில் போடுங்கள்.

அப்பா முப்பது வருடம் வளர்த்த செடிகள். அவர் இப்போது இல்லை. எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?

எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உடனே எதையும் பிரிக்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கேக்டஸ் ஒரு மாதம் நீரின்றித் தாங்கும். முதலில் இருவர் வந்து, செடிகள் நிற்கும் இடத்தையும் திசையையும் படம் எடுத்து, சீட்டுகளைப் படியெடுப்போம். அவர் குறிப்பேடு ஏதேனும் வைத்திருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் எந்தச் செடியை எப்போது, எங்கே வாங்கினார் என்று வீட்டார் நினைவிலிருப்பதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வோம். பிறகு, ஒவ்வொரு வகையையும் குறைந்தது இரண்டு வீடுகளுக்குக் கொடுக்கிறோம், ஓரிடத்தில் போனாலும் மற்றோரிடத்தில் இருக்கும் என்பதற்காக. சீட்டின் பின்புறம் அவர் பெயர் இருக்கும். அதிலிருந்து எடுக்கும் குட்டிகளின் சீட்டிலும் அதே பெயரை எழுதுவோம்.

ஒரு தொட்டியையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். எது எளிதாக நிற்கும் என்று நாங்கள் தேர்ந்து தருகிறோம். அதற்கு எப்போது நீர் விடுவது என்பதற்கு, மேலே சொன்ன விளக்குமாற்றுக் குச்சி போதும்.